காலி மனையை விற்கப் போகிறீர்களா? முதலில் நான்கு கல்லைத் தேடுங்கள்

திருமங்கலத்தில் பத்திர ஆபீஸுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று நாள் முழுக்க என் கையில் புரள்வது நிலத்துக் காகிதங்கள்தான். கடைக்கு வருகிறவர்கள் சொல்லி வைத்துவிட்டுப் போவதால், மனை வாங்கவும் விற்கவும் இடையில் நின்று பேசியும் கொடுக்கிறேன். வீட்டை விற்கிறவர்கள் வெள்ளையடிக்கிறார்கள், ஒழுகும் குழாயை மாற்றுகிறார்கள். காலி மனை வைத்திருப்பவர்களோ “வெறும் இடம்தானே, அதில் என்ன செய்ய இருக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல தெருவில் இருக்கும் மனைகூட வருஷக்கணக்கில் முள் மண்டிக் கிடந்து, கடைசியில் அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்க்கலாம், மாடி ஏறிப் பார்க்கலாம். காலி மனையில் தட்டிப் பார்க்க எதுவும் கிடையாது. ‘இடம் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, காகிதத்தில் இருப்பதும் இதுவேதான்’ என்கிற உறுதிக்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார். ஆகவே மனையைத் தயார் செய்வது என்றால் தரையும் காகிதமும் ஒரே பேச்சைப் பேசும்படி செய்வதுதான். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பின்னால்.

என் சித்தி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். 2009-ல் கப்பலூர் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தான். 40க்கு 60, ஆக 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட், கிழக்குப் பார்த்தது. மகள் படிப்புக்காக விற்க வேண்டிய நிலை வந்தபோது, “அக்கா, ஒரு போர்டு மட்டும் வெச்சு விடுங்க, மத்ததை வர்றவங்க பாத்துக்குவாங்க” என்று போனில் சொன்னான். “தம்பி, போர்டு கடைசி வேலை. முதல்ல உன் இடம் எதுன்னு எனக்குக் காட்டு” என்றேன். அந்த மனையில் செய்த வேலைகளை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆடியில் தொடங்குங்கள்

எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மனை பார்க்க யாரும் வரமாட்டார்கள். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் பத்திர ஆபீஸில் கூட்டம் இருக்கும். ஆவணி பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஆகவே தயார் செய்ய ஆடியை விட நல்ல மாதம் இல்லை. தரை காய்ந்து இறுகிக் கிடக்கும், ஜேசிபி உள்ளே இறங்கும், களை குறைவாக இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் திருமங்கலத்துக் கரிசலில் வண்டியை இறக்க முடியாது, இறக்கினால் ஏற்ற முடியாது. மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

நான்கு கல்

புல்டோசரையோ வெட்டு ஆளையோ கூப்பிடுவதற்கு முன் நான்கு மூலைக் கல்லையும் தேடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஜேசிபி முதலில் வந்தால் இருக்கிற கல்லையும் பெயர்த்து எறிந்துவிட்டுப் போய்விடும். அப்புறம் பக்கத்து மனைக்காரர் “கல் இங்கேதான் இருந்தது” என்று தன் பக்கத்துக்கு வசதியாக ஓர் இடத்தைக் காட்டுவார். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

தம்பியின் மனையில் இரண்டு கல் கண்ணில் பட்டது. ஒன்று எருக்கஞ்செடிக்கு அடியில் புதைந்திருந்ததை மண்வெட்டியால் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். நான்காவது இல்லவே இல்லை.

இந்த நிலையில் இரண்டு வழி உண்டு. தாலுகா அலுவலகத்துக்கு நில அளவைக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசு சர்வேயரை வரவழைப்பது ஒன்று. இப்போது இதற்கு இணையவழியிலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் எல்லை குறித்துத் தகராறு இருந்தால் அந்த அளவைதான் செல்லும். தகராறு இல்லை, கல் மட்டும்தான் காணோம் என்றால் தனியார் சர்வேயர் போதும். எந்த வழியானாலும் அளக்கும் நாளைச் சுற்றுமனைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண் முன்னால் ஊன்றிய கல்லுக்கு இருக்கும் மதிப்பு தனி. வர முடியாதவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, “சரி” என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது பக்கங்களோடு நிறுத்தாமல் குறுக்கு அளவையும் எடுங்கள். 40க்கு 60 மனை சரியான செவ்வகமாக இருந்தால் மூலைக்கு மூலை 72 அடி ஒரு அங்குலம் சொச்சம் வரும். இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 71, இன்னொன்று 73 என்று வந்தால் மனை கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். கோணலான மனையும் விற்கும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்து, நீங்களே முதலில் சொன்னதாக இருக்க வேண்டும்.

பட்டாவில் பரப்பு சதுர அடியில் இருக்காது, ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி சொச்சம். 2,400 சதுர அடி மனைக்குப் பட்டாவில் ஏறக்குறைய 2.23 ஏர்ஸ் இருக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த மூன்று கணக்கையும் ஒரு தாளில் எழுதி மனைக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் சதுர அடி, பட்டாவில் ஏர்ஸ், புரோக்கர் வாயில் சென்ட் என்று மூன்று விதமாக வரும்போது வாங்குகிறவர் குழம்பிப் போவார். குழம்பியவர் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்.

கல் ஊன்றும்போது தரைக்கு மேல் ஓர் அடியாவது தெரியட்டும். தலையில் மஞ்சளோ சிவப்போ பெயிண்ட் அடித்து, மனை எண்ணை எழுதுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பத்தடிக்கு ஒரு கல்லுக்கால் நட்டு மூன்று வரிசை கம்பி இழுக்கலாம். காம்பவுண்டுச் சுவர் எழுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. வாங்குகிறவர் தன் வீட்டு பிளானுக்கு ஏற்ப அதை இடித்துக் கட்டுவார், நீங்கள் போட்ட காசு விலையில் திரும்பாது.

கருவேலம்

எங்கள் பக்கத்துக் காலி மனைகளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேலம். இரண்டு மழை பார்த்தால் ஆள் உயரம் வந்துவிடும். உள்ளே நடக்க முடியாத மனையை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். காரை விட்டு இறங்காமலே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய மரமாக இருந்தால் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிக்கொண்டு போக ஆள் வருவார்கள். உங்களுக்குச் செலவில்லாமல் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அவர்கள் தரைமட்டத்துக்கு மேலே வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தூரைத் தோண்ட மாட்டார்கள். அந்தத் தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும், முன்னைவிட அடர்த்தியாக வரும். ஆகவே மரம் போன பிறகு ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்த்து எடுத்தே ஆக வேண்டும். மணிக்கணக்கில்தான் வாடகை. ஐந்தரை சென்ட்டுக்கு ஒரு காலைப் பொழுது போதும். பக்கத்து மனைக்காரர்களும் சேர்ந்துகொண்டால் வண்டி வந்து போகும் செலவு பிரியும், அதைவிட முக்கியமாகச் சுற்றுப்புறமும் வெளிச்சமாகும். உங்கள் மனை மட்டும் சுத்தமாக இருந்து நாலு பக்கமும் காடாக இருந்தால் வருகிறவருக்குப் பாம்பு பயம்தான் வரும்.

பெயர்த்த முள்ளை அங்கேயே குவித்துத் தீ வைக்காதீர்கள். கரிந்த தரை பார்க்கவே நன்றாக இருக்காது, காற்றில் பொறி பறந்தால் பக்கத்து வைக்கோல் படப்புக்கு ஆபத்து. டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

எல்லா மரத்தையும் வெட்டிவிட வேண்டியதும் இல்லை. மூலையில் நிற்கும் வேம்பை விட்டுவையுங்கள். மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மத்தியானத்தில்தான் வருகிறார்கள். அந்த நிழலில் நின்றுதான் கணவனும் மனைவியும் “ஹால் இங்கே, அடுப்படி அங்கே” என்று பேசத் தொடங்குவார்கள். பனை இருந்தால் கண்டிப்பாகக் கை வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

சுத்தம் செய்தபின் பக்கத்து வீட்டுக் குப்பையும், எங்கோ இடித்த கட்டட மண்ணும் மறுபடி வந்து விழும். தடுக்க நல்ல வழி, எதிரே குடியிருப்பவர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்வதுதான். “அண்ணே, யாராவது டிராக்டர் கொண்டாந்து கொட்டுனா ஒரு போன் போடுங்க” என்று சொல்லி வையுங்கள். மனை பார்க்க வருகிறவர்கள் உங்களைக் கேட்பதைவிட அதிகமாக அந்த எதிர்வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள்.

மேடு, பள்ளம், மண்

தெருவில் ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, மனை பள்ளமாகிக்கொண்டே போகிறது. தம்பியின் மனை ரோட்டை விட ஏறக்குறைய ஓர் அடி தாழ்ந்திருந்தது. 2,400 சதுர அடியை ஓர் அடி உயர்த்த 2,400 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 24 யூனிட், மிதித்து இறுகுவதையும் சேர்த்தால் இன்னும் கூட வேண்டும். வாங்குகிறவர் இந்தக் கணக்கை மனசில் போட்டுக்கொண்டுதான் விலை கேட்பார்.

அதற்காக முழு மனையையும் நிரப்ப வேண்டுமா என்றால், வேண்டாம். நிரப்பிய மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும். பழைய கிணறா, குழியா, குப்பையா என்று கேட்பார்கள். கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவர் எப்படியும் ஆழமாகத் தோண்டித்தான் அஸ்திவாரம் போட வேண்டும், அவருக்கு இயற்கைத் தரையைப் பார்ப்பதே நல்லது. ரோட்டிலிருந்து உள்ளே பத்துப் பன்னிரண்டு அடிக்கு மட்டும் கிராவல் அடித்து, ஒரு கார் இறங்கி நிற்கும்படி செய்தோம். அவ்வளவுதான். கிராவலையும் முறையான அனுமதிச் சீட்டு உள்ளவரிடமிருந்தே வாங்குங்கள். கண்மாயில் திருட்டுத்தனமாக அள்ளிய மண் வேண்டாம். நாளை அந்தக் கண்மாய் நிரம்பாவிட்டால் உங்கள் மனையின் போர்வெல்லும்தான் வற்றும்.

பழைய கிணறோ, கழிவுநீர்த் தொட்டியோ இருந்தால் மறைக்கவே கூடாது. இடத்தைக் காட்டுங்கள். அஸ்திவாரம் போடும்போது தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் சேமிப்பு முழுக்க அந்தக் குழிக்குள் போய்விடும்.

ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல மழை பெய்யும் நாளில் குடையோடு போய் மனையையும் தெருவையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று அதில் தெரியும். கண்மாய்கள் நிறைந்த எங்கள் ஊர்ப் பக்கம் “மழைக்குத் தண்ணி நிக்குமா?” என்பதுதான் விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி. வாய்ச்சொல்லை விட அந்த வீடியோ பேசும்.

தண்ணீரும் கரண்டும்

ஒரு நாள் தம்பியின் மனையைப் பார்க்க, அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தார். அந்த அம்மா என்னிடம் வந்து மெதுவாக, “தண்ணி என்ன ருசிம்மா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய முடிவு என் பையில் இருந்தது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. “குடிக்க முடியாது, புழங்கலாம், குடிக்கிறதுக்குப் பஞ்சாயத்துக் குழாய் தெருவுல வருது” என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த மனையை வாங்கியதும் அவர்கள்தான்.

விற்பதற்காக போர் போட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர், கோடையில் நிற்கிறதா என்று கேட்டு எழுதி வைத்தாலே போதும். அதேபோல மனைக்கு மிக அருகில் உள்ள மின்கம்பம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று அளந்து வையுங்கள். மனைக்கு மேல் கம்பி போனால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெருவின் அகலத்தை லேஅவுட் வரைபடத்தில் பார்த்தால் மட்டும் போதாது, டேப் வைத்தும் அளக்க வேண்டும். வரைபடத்தில் 23 அடி என்று இருக்கும், நேரில் ஒருவர் படிக்கட்டும் இன்னொருவர் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்து அதைக் குறுக்கியிருக்கும்.

காகிதங்கள்

என் தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு நல்ல கெட்டி ஃபைல் வாங்குங்கள். இந்த வரிசையில் அடுக்குங்கள்: உங்கள் கிரையப் பத்திரம், அதற்கு முந்திய மூலப் பத்திரங்கள், பட்டா, புல வரைபடம், அ-பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவு) நகல், குறைந்தது 30 வருஷத்து வில்லங்கச் சான்று, லேஅவுட் அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை (அங்கீகாரம் இல்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்தித் தரும் ஆணை), வரி ரசீது. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் என்றால் காலி மனைக்கும் வரி உண்டு, பாக்கியைக் கட்டி ரசீது வையுங்கள்.

அடுக்கியதும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா? ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்திரத்தில் முன்னால் என்பது சின்ன விஷயம். பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்பது பெரிய விஷயம். சர்வே எண்ணும் உட்பிரிவும் பொருந்துகின்றனவா? நான்கெல்லையில் ‘வடக்கே இன்னார் மனை’ என்று இருப்பது இன்றைய நிலைக்குச் சரியா? எண்ணிலோ அளவிலோ தவறு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு உங்களுக்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியூரில் இருப்பார், அல்லது காலமாகி வாரிசுகளாக இருப்பார்கள். வாங்குகிறவர் கிடைத்த பிறகு இதற்கு ஓடினால் அவர் காத்திருக்க மாட்டார்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கூட்டுப் பட்டாவில். லேஅவுட் போட்டவர் பெயரிலோ, பலர் பெயரில் சேர்ந்தோ பட்டா கிடக்கும், பத்திரம் மட்டும் நம் பெயரில் இருக்கும். வாங்கி வருஷக்கணக்காகியும் தனிப் பட்டாவுக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார்கள். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டு விற்பனைக்கு இறங்குங்கள். தம்பியின் மனையிலும் அதுதான் அதிக நாள் பிடித்த வேலை. ஆனால் தனிப் பட்டாவும் அதில் 2.23 ஏர்ஸ் என்ற அளவும் வந்த பிறகு, விலை பேசுகிறவர்களின் தொனியே மாறிவிட்டது.

அடுத்தது அங்கீகாரம். பழைய மனைகள் பல ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்டவை. நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லாத மனைகளை வீட்டுமனையாகப் பதிவு செய்ய இப்போது தடை இருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பத்திரம் பதிவானதா என்பதுதான் இதில் முக்கியம். அந்தத் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தத் தேதிக்கு முன் மனையாகப் பதிவானதற்கு மறு விற்பனை பதிவாகும், அதற்காக வரன்முறையை விட்டுவிடாதீர்கள். வரன்முறை இல்லாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் வாங்குகிறவர்கள் குறைவு. உங்கள் மனை வரன்முறை ஆகியிருக்கிறதா, இல்லையென்றால் இப்போது விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் விசாரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அங்கீகாரம் உள்ள மனை என்றால் அதைச் சொல்லி விற்க நல்ல காரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி கொடுத்து, இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். பிளான் அனுமதிக்கு எவ்வளவு அலைய வேண்டுமோ என்று பயப்படுகிறவருக்கு இது பெரிய ஆறுதல். பலருக்கு இன்னும் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்.

மனையை எப்போதாவது அடமானம் வைத்திருந்தால், கடன் அடைந்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டோம் என்று இருந்துவிடுவார்கள், வில்லங்கச் சான்றில் மட்டும் அடமானம் அப்படியே நிற்கும். அப்பா பெயரில் உள்ள இடம் என்றால் வாரிசுச் சான்று எடுத்து, தங்கைகள் உட்பட எல்லா வாரிசுகளும் சம்மதித்த பிறகு போர்டு வையுங்கள். “அவ ஒண்ணும் கேக்க மாட்டா” என்ற பேச்சை நம்பி வாங்குகிற ஆள் இன்று கிடையாது, தங்கையின் உரிமையை அப்படித் தள்ளிவைப்பதும் நியாயமில்லை.

இனி என் கடை அனுபவத்தில் ஒரு எச்சரிக்கை. கேட்கிற எல்லோருக்கும் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அசலை யார் கையிலும் கொடுத்து அனுப்பாதீர்கள். நேரில் வந்து மனை பார்த்து, விலை பேசத் தொடங்கியவருக்கு மட்டும் நகல் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதியும் வாங்குகிறவர் பெயரும் போடுங்கள். ஆள்மாறாட்டம் செய்கிறவர்களுக்கு வெளியூரில் இருப்பவர்களின் காலி மனைகள்தான் முதல் குறி.

போட்டோ, போர்டு, விலை

சுத்தம் செய்து கல் ஊன்றிய மறுநாளே, காலை எட்டு மணிக்குள் போட்டோ எடுங்கள். கிழக்குப் பார்த்த மனையில் அப்போது வெயில் உள்ளே நேராக விழும். ரோட்டிலிருந்து மனை, மனையிலிருந்து ரோடு, நான்கு கல், தெரு முனை, பக்கத்தில் கட்டி முடித்த வீடுகள். இவ்வளவு போதும். பத்திரப் பதிவுக்கும் காலி மனையின் படம் இப்போது தேவை. 2023 அக்டோபரிலிருந்து இடத்தின் புவியியல் குறியீட்டோடு எடுத்த படத்தை ஆவணத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். முள்ளுக்குள் நின்று எடுத்த படத்தில் எல்லை தெரியாது.

போர்டில் ‘விற்பனைக்கு’, அளவு, திசை, அங்கீகார விவரம், ஒரு போன் எண். பட்டா எண், சர்வே எண் வேண்டாம். கூப்பிட்டால் எடுக்கும் எண்ணைப் போடுங்கள்.

எய்ம்ஸ் வருகிறது, ஏர்போர்ட் விரிவாகிறது என்று எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியிலேயே அடிக்கல் நாட்டினார்கள், அதைச் சொல்லிச் சொல்லியே பல கை மாறிய மனைகள் உண்டு. நீங்கள் கதை சொல்ல வேண்டாம். பஸ் நிறுத்தம் இத்தனை மீட்டர், பள்ளிக்கூடம் இத்தனை நிமிஷம் என்று நடந்து பார்த்து எழுதி வையுங்கள். அங்கே வீடு கட்டிக் குடிவரப் போகிறவருக்கு அதுதான் வேண்டும்.

விலைக்கு அரசின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக வைத்திருக்கும் மதிப்பு) பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சமீபத்தில் அதே தெருவில் உண்மையில் கைமாறிய விலைதான் அளவுகோல். வாங்குகிறவருக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்த்து 9 சதவீதம் செலவு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த மனை என்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி வரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியிருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஓர் ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிட்டால் கையில் எவ்வளவு நிற்கும் என்று தெரிந்து பேசலாம். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாக வாங்குங்கள்.

ஆள் வரும் நாள்

முந்தின நாள் சாயங்காலம் ஒரு நடை போய் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கிவிடுங்கள். முக்கியமாக ஈசானிய மூலையில் எதுவும் குவிந்து கிடக்கக் கூடாது. பாதிப் பேர் வாஸ்து பார்ப்பவரைக் கையோடு அழைத்து வருகிறார்கள், அவர் கண் முதலில் போவது வடகிழக்குக்குத்தான். தெருக்குத்து மனையாக, அதாவது ஒரு தெரு நேராக வந்து முட்டும் மனையாக இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். அதைப் பார்ப்பவர்கள் வந்து அலைய வேண்டாம், பார்க்காதவர்கள் தயங்காமல் வருவார்கள்.

நூறடி டேப் ஒன்றும் குடிக்கத் தண்ணீரும் கொண்டு போங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவரையே அளக்க விடுங்கள். பின்னால் நடந்துகொண்டே பெருமை பேச வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, ஃபைலைத் திறந்து வையுங்கள். குறை ஏதும் இருந்தால் அவர்கள் கிளம்புவதற்குள் உங்கள் வாயாலேயே வரட்டும்.

அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே போர்டைக் கழற்றிவிடுங்கள், அதன் பிறகு கூடுதல் விலையோடு யார் வந்தாலும் பேச்சை மாற்றாதீர்கள். பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வாங்குகிறவரோடு மனைக்குப் போய் நான்கு கல்லையும் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். பதிவு முடிந்ததும் அளவைத் தாள், தண்ணீர் ஆய்வு முடிவு, எதிர்வீட்டுக்காரர் போன் எண் எல்லாவற்றையும் அந்த ஃபைலோடு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.